முன்விளிம்பின் சுருதி

பாய்மரப் படகுப் போட்டியைப் பார்க்க வருகிறவர்களின் கண், படகு சாயும் கோணத்தின் மேலும், ஓரத்தில் காலை மாட்டிக்கொண்டு உடலைத் தண்ணீருக்கு மேல் நீட்டிக் கிடக்கும் ஆட்களின் மேலும் போகும். நான் முதலில் பார்ப்பது பெரிய பாயின் முன்விளிம்பை. பாய்மரத்தை ஒட்டி அடிமூலையிலிருந்து உச்சிவரை ஏறும் அந்த ஓரத்தைப் படகோட்டிகள் லஃப் என்பார்கள். அதில் சுருக்கம் இருக்கிறதா? இருந்தால் கிடையாக ஓடுகிறதா, நெட்டுக்குத்தாக நிற்கிறதா? அன்றைக்கு வீசும் காற்றுக்கு அது பொருந்துகிறதா? இவ்வளவு தெரிந்தால் போதும், சுக்கானைப் பிடித்திருப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவர் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

பாயைத் திருத்தும் கயிறுகள் பல. மெயின்ஷீட் பாயை உள்ளே இழுக்கும், வெளியே விடும்; அது எல்லோர் கண்ணுக்கும் படுகிற வேலை. அவுட்ஹால் அடிவிளிம்பை நீட்டிப் பிடிக்கும். வாங் என்ற கயிறு, பாயின் அடிவிளிம்பை ஒட்டிக் கிடையாக நீளும் பூம் என்ற கட்டையைத் தூக்கவிடாமல் கீழே அமர்த்தி வைக்கும். இவற்றில் எதை இழுத்தாலும், இழுத்த திசையிலேயே விளைவும் தெரியும். முன்விளிம்பின் வழி வேறு. அதை மேலும் கீழுமாக இழுக்கிறோம்; மாறுவதோ பாயின் நடுப்பகுதி. காற்றை வாங்கிப் புடைத்து நிற்கும் வயிறு, விளிம்பை இறுக்க இறுக்க முன்னால் நகர்ந்து வருகிறது. தளர்த்தினால் பின்னால் போகிறது. ஓரத்தில் கொடுத்த இழுவை நடுவில் போய் வடிவம் செதுக்குகிறது. எத்தனை காலம் பார்த்தாலும் எனக்கு இந்த வியப்பு அடங்குவதில்லை.

காரணம் நெசவில் இருக்கிறது. நெய்த துணியில் பாவும் ஊடையும் செங்கோணத்தில் குறுக்கிடுகின்றன. நூல் ஓடும் திசையில் இழுத்தால் துணி அசையாது. மூலைவாட்டில் இழுத்தால் இளகிக் கொடுக்கும். ஒரு கைக்குட்டையை எதிரெதிர் மூலைகளில் பிடித்து இழுத்துப் பாருங்கள். நீளம் கூடும், அகலம் குறையும், இழுத்த கோட்டை ஒட்டி ஒரு மடிப்பு எழும். இரண்டு பக்கத்துத் துணியும் அந்தக் கோட்டை நோக்கி ஒதுங்கி வரும். பாயில் நடப்பதும் இதுவே. டாக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியில் தைத்த வழக்கமான பாயில் துணிப் பட்டைகளைப் பின்விளிம்புக்குச் செங்குத்தாக அடுக்கித் தைக்கிறார்கள். அதனால் பின்விளிம்பு நூலோட்டத்தின் வழியிலேயே அமைந்து, நீளாமல் உறுதியாக நிற்கும். பாய் முக்கோணமாக இருப்பதால் முன்விளிம்பு நூலோட்டத்துக்குக் கோணலாக விழுகிறது. இழுத்தால் அது நீளும். நீளும்போது நடுவிலிருந்து துணியைத் தன் பக்கம் வாங்கிக்கொள்ளும். பின்விளிம்பைப் பூட்டிவிட்டு முன்விளிம்பை நம் கைக்குத் திறந்து வைத்திருக்கிறார் பாய் தைத்தவர். நல்ல பாய்த் தையல்காரரிடம் எனக்குள்ள மரியாதை அங்கே தொடங்குகிறது.

எவ்வளவு நகரும்? பூமுக்குச் சற்று மேலே பாயின் அகலம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வயிற்றின் ஆழம் அகலத்தில் 12 விழுக்காடு என்றால் 36 சென்டிமீட்டர். அந்த ஆழத்தின் உச்சி, முன்விளிம்பிலிருந்து 50 விழுக்காடு தள்ளி இருந்தது 45 விழுக்காட்டுக்கு வந்துவிட்டால், 15 சென்டிமீட்டர் முன்னே வந்திருக்கிறது என்று பொருள். தூரத்தில் நிற்பவருக்கு இது தெரியாது. சுக்கானைப் பிடித்திருக்கும் கைக்கு அந்தக் கணமே தெரியும்.

ஏன் தெரிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். காற்றின் வேகம் 8 நாட்டிலிருந்து 16 நாட்டாக இரட்டித்தால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது. துணி இழுபடுகிறது. இழுபட்ட துணியில் வயிறு ஆழமாகிறது, அதோடு பின்னாலும் தள்ளிப்போகிறது. பலத்த காற்றில் பாய் எப்படி இருக்கக் கூடாதோ, விட்டால் அது அப்படித்தான் ஆகும். வயிறு பின்னால் போனதும் பின்விளிம்பு உட்பக்கமாக வளைந்து, வெளியேற வேண்டிய காற்றைத் தடுக்கிறது. படகை முன்னே தள்ள வேண்டிய விசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. படகு சாய்கிறது. சாயச் சாய முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பப் பார்க்கிறது. அதைத் தடுக்கச் சுக்கானைக் கோணலாகப் பிடிக்க வேண்டும். கோணலாக நிற்கும் சுக்கான் தண்ணீரில் வேகத்தடையாகிவிடும். இப்போது முன்விளிம்பை இறுக்குங்கள். வயிறு முன்னே வருகிறது. பாயின் பின்பாதி நேராகிறது. பின்விளிம்பின் மேல்பகுதி திறந்து மிகைக் காற்றை விட்டுவிடுகிறது. படகு நிமிர்கிறது, கையில் கனம் குறைகிறது. பாயைச் சுருட்டவும் இல்லை, வெளியே விடவும் இல்லை. பரப்பு அப்படியே இருக்க, அதன் குணம் மட்டும் மாறியிருக்கிறது.

இதைக் கேட்டதும், எந்நேரமும் முன்விளிம்பை விறைப்பாக வைத்திருப்பதே நல்லது என்று தோன்றும். இதில்தான் ரசனை தேவைப்படுகிறது. மெல்லிய காற்றில், 5 அல்லது 6 நாட் இருக்கும் காலைப் பொழுதில், நல்ல படகோட்டி முன்விளிம்பைத் தளர்த்திவிடுவார். பாய்மரத்திலிருந்து சின்னச் சின்னக் கிடைச் சுருக்கங்கள் பாய்க்குள் ஓடி மறையும். பார்வைக்கு அது கசங்கிய துணியாகத் தெரியும். புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு அந்தச் சுருக்கத்தைக் கண்டால் கை துறுதுறுக்கும். இஸ்திரி போட்ட வேட்டி கணக்காய் வழவழவென்று இருக்க வேண்டும் என்று இழுத்துவிடுவார்கள். இழுத்ததும் வயிறு முன்னே ஓடிவந்து, முன்விளிம்பை ஒட்டி நெட்டுக்குத்தாக ஒரு மடிப்பு எழுந்து நிற்கும். படகு மந்தமாகும். சுருக்கமே இல்லாத பாய்தான் அழகு என்று நினைப்பவர் துணியைத்தான் பார்க்கிறார், காற்றைப் பார்க்கவில்லை. மெல்லிய காற்றில் அந்த இரண்டு மூன்று சுருக்கங்கள் இருப்பதுதான் சரி, அதுதான் அழகும்கூட. என் கண்ணுக்கு விறைத்துப் பளபளக்கும் பாயைவிட, இதோ இழுத்துவிடலாம் என்ற எல்லையில் நிறுத்திவைத்த பாய்தான் உயர்ந்தது.

கிடைச் சுருக்கம் என்றால் இழுவை குறைவு, நெட்டு மடிப்பு என்றால் இழுவை அதிகம். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு இந்த அளவு போதும். சரளமாகப் படிக்க வேண்டுமென்றால் பூமின் நடுப்பகுதிக்குக் கீழே படுத்து அண்ணாந்து பார்க்க வேண்டும். போட்டிப் பாய்களில் குறுக்கே கரிய பட்டைகள் ஒட்டியிருப்பார்கள். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இருக்கும். ஒவ்வொரு பட்டையும் அந்த உயரத்தில் பாய் எப்படி வளைகிறது என்பதை ஒரு கோடாக வரைந்து காட்டும். வளைவின் ஆழமான இடம் எங்கே விழுகிறது, முன்பகுதி உருண்டையாக நுழைகிறதா, கூராக நுழைகிறதா, பின்பகுதி நேராக வெளியேறுகிறதா என்பதையெல்லாம் அந்தக் கோட்டில் காணலாம். பெரிய பாய்க்கு ஆழமான இடம் நடுவிலோ, நடுவுக்குச் சற்று முன்னோ இருப்பது நல்லது என்பது பொது வழக்கு. ஆனால் கடல் எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை. அலை எழும்பி மோதும் நாளில் படகின் முகம் ஓரிடத்தில் நிற்காது, அலைக்கு ஏற்ப ஆடிக்கொண்டே இருக்கும். அப்போது வயிற்றைச் சற்று முன்னே வைத்து, முன்பகுதியை உருண்டையாக்கினால், திசை கொஞ்சம் தப்பினாலும் பாய் பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும் நாளில் முன்பகுதியைக் கூராக்கி, வயிற்றைக் கொஞ்சம் பின்னே விட்டால் காற்றுக்கு இன்னும் நெருக்கமாகப் போகலாம். ஆனால் சுக்கான் பிடிப்பவருக்கு இமைக்க நேரமிருக்காது. ஒரே காற்று, ஒரே பாய், இரண்டு வேறு தண்ணீர் என்றால் இரண்டு வேறு இழுவை. அளவுகோல் புத்தகத்தில் இருக்கலாம். எந்த நாளில் எது என்று சொல்வது கையும் கண்ணும்தான்.

பாயின் வடிவம் பற்றிய இந்தக் கவலை பழையது. 1851 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் ‘அமெரிக்கா’ என்ற ஸ்கூனர் வென்றது. இன்றும் அதன் பெயரில்தான் அமெரிக்கா கோப்பை நடக்கிறது. ஆங்கிலேயப் படகுகள் ஆளிநாரில் நெய்த தொளதொளத்த பாய்களை விரித்திருந்தன. பை கணக்காய்க் காற்றை அள்ளுவதே பாயின் வேலை என்று அப்போது நம்பினார்கள். ‘அமெரிக்கா’ படகிலோ இயந்திரத்தில் நெருக்கமாக நெய்த பருத்திப் பாய், தட்டையாக வெட்டியது. காற்றை அள்ளுவதைவிட வழுக்கவிடுவதில்தான் பலன் என்பதை அந்த ஒரு நாள் கற்றுக்கொடுத்தது. பிறகு 1890களில், ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் ஊரில் நதானியேல் ஹெரெஷாஃப் பட்டைகளைக் குறுக்கே ஓடவிட்டுத் தைக்கும் முறையைக் கையாண்டார். அதுவரை பட்டைகள் பின்விளிம்புக்கு இணையாக நெட்டுவாட்டில் போயின. நான் மேலே சொன்ன வெட்டு அவர் வழி வந்தது.

பருத்திக் காலத்துப் பாய்க்காரர்களின் பாடு இன்றைக்கு யாருக்கும் புரியாது. முன்விளிம்பில் ஒரு கயிற்றை வைத்துக் கையால் தைப்பார்கள். கயிற்றின் நீளத்துக்கும் துணியின் நீளத்துக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தில்தான் பாயின் குணம் முழுவதும் அடங்கியிருக்கும். புதுப் பாயை எடுத்ததும் பலத்த காற்றில் விரிக்கக் கூடாது. இதமான காற்றில், வெயிலில், முழுதாக இழுக்காமல் பல மணிநேரம் ஓட்டிப் பழக்க வேண்டும். அவசரப்பட்டு இறுக்கினால் பாய் அந்த வடிவத்திலேயே கெட்டுப்போகும், திரும்பாது. மழையோ பனியோ விழுந்தால் கயிறு சுருங்கி விறைக்கும். உடனே ஏற்றுக்கயிற்றைத் தளர்த்த வேண்டும். பருத்திப் பாயின் முன்விளிம்பை இறுக்கியவர் கையில் எப்போதும் ஒரு பயம் இருந்தது. பாலியெஸ்டர் இழை அந்தப் பயத்தைப் போக்கியது. பிரிட்டனில் 1941இல் கண்டுபிடித்த அந்த இழை அங்கே டெரிலின் என்றும், அமெரிக்காவில் டாக்ரான் என்றும் பெயர் பெற்று, 1950களில் பாய்க்கு வந்தது. அது நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து விளையாட முடிந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் போட்டிப் படகுகளுக்கு இன்னொரு தடை இருந்தது. பாய்மரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கறுப்பு வளையங்கள் தீட்டியிருப்பார்கள். பாயின் உச்சியும் அடியும் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அனுமதித்த பரப்பைவிடக் கூடுதல் பாய் விரித்ததாக ஆகும். இப்போது சிக்கலைப் பாருங்கள். மெல்லிய காற்றில் தளர்ந்து நிற்கும்போதே பாய் இரண்டு வளையங்களையும் தொட்டுவிட்டால், காற்று கூடும்போது மேலும் இழுக்க இடமில்லை. இழுக்க இடம் விட்டுப் பாயைக் குட்டையாகத் தைத்தால், மெல்லிய காற்றில், அதாவது ஒவ்வொரு சதுர அடியும் வேண்டியிருக்கும் நேரத்தில், பரப்பு குறைந்துபோகிறது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம். 1907இல் சின்சினாட்டியில் பிறந்த பெருஞ்செல்வர். லெ மான் 24 மணிநேரக் கார்ப் போட்டிக்குத் தன் பெயரிலேயே கார் கட்டிக்கொண்டு போனவர். 1953இல் அவருடைய கார் அங்கே மூன்றாவதாக வந்தது. 1954இல் டைம் இதழ் அவரை அட்டையில் போட்டது. கார் உலகம் அவரைக் காருக்காக நினைவில் வைத்திருக்கிறது. படகு உலகம் ஒரு துளைக்காக. முன்விளிம்பில், அடிமூலைக்குச் சற்று மேலே, பாயில் ஒரு துளை போட்டு உலோக வளையம் பதித்தார். அதன் வழியே ஒரு கயிற்றை விட்டுக் கீழே இழுத்தால் முன்விளிம்பு இறுகும். உச்சி மேல் வளையத்திலேயே இருக்கும், அடிமூலை கீழ் வளையத்திலேயே இருக்கும், விதி மீறவில்லை. துளைக்குக் கீழே மிஞ்சும் துணி மட்டும் கொசுவம் கொசுவமாக மடிந்து நிற்கும். அந்த மடிப்பால் வரும் நட்டம் மிகச் சிறியது. முழு அளவில் பாய் தைக்கலாம், மெல்லிய காற்றில் முழுவதையும் பயன்படுத்தலாம், பலத்த காற்றில் இறுக்கலாம். எந்த எந்திரமும் இல்லை. ஒரு துளை, ஒரு கயிறு. இன்று உலகெங்கும் அந்தக் கயிற்றின் பெயரே கன்னிங்ஹாம்தான். இவ்வளவு எளிய பொருளில் ஒருவருடைய பெயர் இவ்வளவு காலம் நிற்பது அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய கௌரவம் என்று நினைக்கிறேன்.

அவர் சுக்கான் பிடித்த ‘கொலம்பியா’, 1958 செப்டம்பரில் நியூபோர்ட் கடலில் இங்கிலாந்தின் ‘செப்டர்’ படகை நாலுக்குப் பூஜ்யம் என்று வென்றது. 1937க்குப் பிறகு நடந்த முதல் அமெரிக்கா கோப்பை அது. படகை வடிவமைத்தவர் ஓலின் ஸ்டீபன்ஸ். அவரும் தம்பி ராடும் படகிலேயே இருந்தார்கள். அந்த ஆண்டின் உண்மையான சண்டை கோப்பைக்காக நடக்கவில்லை. அதற்கு முன் அமெரிக்கப் படகுகளுக்குள் நடந்த தேர்வுப் பந்தயத்தில்தான் நடந்தது. 1939இல் கட்டிய ‘விம்’ என்ற கிழப் படகு, புத்தம் புதிய கொலம்பியாவைக் கடைசி வரை விடாமல் துரத்தியது.

முன்விளிம்பை இறுக்க மேலே ஹால்யார்டு என்கிற ஏற்றுக்கயிறு இருக்கும்போது கீழே இன்னொரு கயிறு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தம்பூராவில் மேலே பிருடையைத் திருகிச் சுருதியை ஏறக்குறைய பிடித்துவிட்டு, கீழே குதிரைக்கு அப்பால் கோத்திருக்கும் மணியை மயிரிழை நகர்த்தி அதைச் சேர்ப்பார்கள் அல்லவா? ஹால்யார்டு பிருடை, கன்னிங்ஹாம் மணி. மேலே இருந்து இழுக்கும்போது பாய் ஏறும் பள்ளத்தில் உராய்வு பிடித்துக்கொள்ளும். பாய் காற்றை வாங்கிய நிலையில் ஹால்யார்டை ஒரு விரற்கடை ஏற்றக்கூட வின்ச்சைச் சுற்ற வேண்டியிருக்கும். கன்னிங்ஹாம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டோ நாலோ மடங்கு இழுவை தரும் கப்பிகளோடு, ஒரு கையால் இழுத்து ஒரு விரலால் விட்டுவிடலாம். அதன் பிடி முதலில் பாயின் கீழ்ப்பாதியில் தெரியும். ஹால்யார்டின் பிடி மேல்பாதியில். இந்த வேறுபாட்டை அறிந்து இரண்டையும் கலந்து கையாள்பவரிடம் ஒரு தனி நயம் இருக்கும்.

கயிற்றைப் பற்றியும் ஒன்று. ஹால்யார்டு நீளும் கயிறாக இருந்தால் எல்லா உழைப்பும் வீண். காற்று ஓங்கி அடிக்கும்போது அந்தக் கயிறு நீளும், பாய் கொஞ்சம் கீழே இறங்கும், முன்விளிம்பு தளரும், வயிறு பின்னால் போகும். எந்த நொடியில் விளிம்பு இறுகி நிற்க வேண்டுமோ அதே நொடியில் கயிறு கைவிட்டுவிடும். இதனால்தான் முன்பு எஃகுக் கம்பி வைத்தார்கள், இப்போது டைனீமா இழை வைக்கிறார்கள். புதுப் பாய்க்குச் செலவழித்துவிட்டுப் பழைய ஹால்யார்டை வைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். பாயை அப்படியே விட்டுக் கயிற்றை மாற்றியிருந்தால் பாதிப் பலன் கிடைத்திருக்கும்.

இனி, இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெரிய படகுகளில் பாய்மரமே வளையும். பின்னால் இருக்கும் பேக்ஸ்டே கயிற்றை இழுத்தால் மரத்தின் நடு முன்னால் பிதுங்கும். முன்விளிம்பின் நடுப்பகுதியையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பாய் தட்டையாகும். பலத்த காற்றில் அதுதான் வேண்டும். ஆனால் இரண்டு பக்கவிளைவுகள். துணியை முன்பக்கத்திலிருந்து எடுத்துவிட்டதால், மிஞ்சிய வயிறு பின்னால் ஒதுங்கிப்போகிறது. மரம் வில்லாக வளைந்ததால் உச்சிக்கும் அடிக்கும் நேர்த்தூரம் குறைந்து முன்விளிம்பு தளர்கிறது. நடுமரத்திலிருந்து பூமின் கோடிவரை சாய்வாக நீண்ட சுருக்கங்கள் ஓடும். இப்போது கன்னிங்ஹாமை இழுக்கிறார்கள். சாய்வுச் சுருக்கங்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அழிகின்றன. பின்னால் ஒதுங்கிய வயிறு திரும்பித் தன் இடத்துக்கு வருகிறது. பேக்ஸ்டே ஆழத்தைக் குறைத்தது, கன்னிங்ஹாம் ஆழத்தின் இடத்தைத் திருத்தியது. ஒன்று கேள்வியாகவும் மற்றது பதிலாகவும் அமைகிற இந்த இரட்டை வேலையை, பேச்சில்லாமல், ஒருவர் பேக்ஸ்டேயைத் தொட்டதும் இன்னொருவர் கை கன்னிங்ஹாமுக்குப் போகிறபடி செய்யும் குழுவைப் பார்க்கக் கிடைப்பது பாக்கியம்.

இதைத் தனியாளாகச் செய்வதைப் பார்க்க லேசர் படகுக்கு வர வேண்டும். புரூஸ் கர்பி வரைந்து 1971இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் மக்கள் முன் வந்த ஒற்றையாள் படகு. இப்போது ஐஎல்சிஏ என்ற பெயரில் ஓடுகிறது. ஆண்களுக்கான 7.06 சதுர மீட்டர் பாயானாலும், பெண்களுக்கான 5.76 சதுர மீட்டர் பாயானாலும், அந்தந்தப் பிரிவில் போட்டியிடும் எல்லோருக்கும் ஒரே வெட்டு, ஒரே மரம். பணத்தால் வேறு பாய் வாங்க முடியாது. மெயின்ஷீட் தவிர வாங், அவுட்ஹால், கன்னிங்ஹாம் என்று மூன்றே கயிறுகள். அவற்றை யார் எப்படி இழுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். மரத்தைத் தாங்கிப்பிடிக்க வேறு கம்பி எதுவும் கிடையாது. பாயே உறையாக மரத்தின் மேல் மாட்டப்படுகிறது. வாங்கை இழுத்தால் மரம் வளைகிறது, அதற்கு விடை சொல்வது கன்னிங்ஹாம். காற்று 20 நாட்டைத் தாண்டும் நாளில் லேசர்காரர்கள் அந்தத் துளை பூமின் மட்டத்துக்கே இறங்கும்வரை இழுத்துவிடுவார்கள். முன்விளிம்பு முழுக்க நெட்டு மடிப்பாக நிற்கும். மெல்லிய காற்றில் நான் குறையாகச் சொன்ன அதே மடிப்பு இங்கே நிறைவு. பாயின் மேல்பகுதி திறந்துகொண்டு காற்றைக் கழித்துவிடுகிறது. எடை குறைந்தவரும் படகை நிமிர்த்தி ஓட்ட முடிகிறது.

காற்றை எதிர்த்து ஏறி முடித்து, மிதவையைச் சுற்றிக் காற்றோடு இறங்கத் தொடங்கும் இடம் இன்னும் அழகு. அங்கே பாய்க்கு ஆழம் வேண்டும், சக்தி வேண்டும். மிதவைக்குச் சற்று முன்பே கை கீழே போய்க் கன்னிங்ஹாமை அவிழ்த்துவிடும். மடிப்புகள் ஒரே கணத்தில் கலைந்து பாய் நிறைகிறது. தேர்ந்தவர்கள் இதைக் கீழே பார்க்காமல் செய்வார்கள். கண் முன்னால் வரும் அலையில் இருக்கும்.

இந்த வகைப் படகில்தான் சென்னையின் நேத்ரா குமணன், 2021இல் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனையானார். விஷ்ணு சரவணனும் ஆண்கள் பிரிவில் அதே டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டினார். 2024இல் மார்செய் கடலில் இருவரும் மறுபடி இறங்கினார்கள். சென்னைக் கடலில் பழகுகிறவருக்கு முன்விளிம்பு ஒரு நல்ல பள்ளிக்கூடம். துறைமுகத்துக்குள் 1911 முதல் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பிலிருந்து கோடைக் காலையில் கிளம்பினால் தரைக்காற்று தளர்ந்து, ஒரு நேரம் எதுவுமே இல்லாமல் போகும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எட்டிப்பார்த்து, பிற்பகலில் ஓங்கும். சுருக்கம் விழத் தளர்த்திவைத்த விளிம்பை ஒரே நாளில் படிப்படியாக இறுக்கிக்கொண்டே போக வேண்டும். காற்று ஏறுவதற்குக் கொஞ்சம் முன்பே கை ஏறுகிறதா, ஏறிய பிறகு துரத்திக்கொண்டு போகிறதா என்பதில் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

அச்சில் வார்த்து, இழைகளை விசை ஓடும் வழியிலேயே பதித்துச் செய்யும் பாய்கள் இப்போது வந்துவிட்டன. நெசவே இல்லாததால் அவை அதிகம் நீளாது. விளிம்பை இழுத்தாலும் வயிறு டாக்ரானில் நகரும் அளவுக்கு நகராது. செய்தபோது கொடுத்த வடிவத்தைப் பிடிவாதமாகக் காத்துக்கொள்ளும். வேகம் என்று பார்த்தால் அவை மேல், அதில் சந்தேகமில்லை. 2021இல் ஆக்லாந்தில் தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறந்த அமெரிக்கா கோப்பைப் படகுகளின் இரட்டைத்தோல் பாயிலும் கன்னிங்ஹாம் இருந்தது. இழுப்பதற்குக் கைக்குப் பதில் ஹைட்ராலிக் விசை. ஆனாலும் கற்றுக்கொள்ள வருகிறவரிடம் டாக்ரான் பாயைத்தான் கொடுப்பேன். கேட்ட கேள்விக்கு அது உடனே, பெரிய குரலில் பதில் சொல்லும்.

அதிலும் கொஞ்சம் பழசான டாக்ரான் பாய் என்றால் இன்னும் நல்லது. வெயிலிலும் காற்றிலும் உழைத்த துணி மூலைவாட்டில் தளர்ந்து, வயிறு தானாகவே பின்னால் போய் அங்கேயே தங்கிவிடும். புதிதில் 12 நாட்டுக்குத் தேவைப்பட்ட இழுவை இப்போது 8 நாட்டிலேயே தேவைப்படும். ஹால்யார்டில் நூல் சுற்றி அடையாளம் வைத்து, பக்கத்தில் எண் பட்டை ஒட்டி, இந்தக் காற்றுக்கு இந்த எண் என்று எழுதிவைத்திருந்தால், அந்த எண்கள் ஆண்டுக்கு ஆண்டு நகர்வதைக் காணலாம். இழுக்க இழுக்கப் பாய் திரும்பி வரும்வரை அதற்கு உயிர் இருக்கிறது. துளை பூமைத் தொட்ட பிறகும் வயிறு நடுவுக்கு வராவிட்டால், பாயைக் கழற்றித் தையல்காரரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். அவர் அதைத் தரையில் விரித்து, முன்விளிம்பின் வளைவில் ஒரு சீவல் துணியை வெட்டி எடுத்து, மறுபடி தைத்துக் கொடுப்பார். அப்படித் திரும்பி வந்த பாயை ஏற்றும் முதல் நாளில், பழைய எண்கள் எதுவும் உதவாது. ஹால்யார்டைத் தளர்வாக ஏற்றி, சுருக்கத்தைப் பார்த்துப் பார்த்து முதலிலிருந்து இறுக்கிக்கொண்டு வர வேண்டும்.